வெயில் கூரையில், வேன் தெருவில்: கவுன்சில் வண்டிகளுக்கு சோலார் எந்த அளவுக்கு உதவும்?

பிரிட்டனில் ஒரு கவுன்சில், அதாவது நம் ஊர் நகராட்சி, மாநகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பு, ‘எங்கள் வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றுகிறோம்’ என்று அறிவித்தால் கூடவே ஒரு படமும் வரும். சோலார் பேனல் வேய்ந்த கொட்டகை, அதன் கீழே கழுவித் துடைத்த ஒரு மின்சார வேன், வேனில் செருகிய கேபிள். மேலே வெயில், கீழே வண்டி, நடுவில் ஒரு ஒயர். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

ஆனால் வெயில் அடிக்கும் நேரத்தில் அந்த வேன் அங்கே நிற்காது. பூங்காவில் புல் வெட்டவோ, கவுன்சில் வீட்டில் ஒழுகும் குழாயைச் சரிசெய்யவோ, தெருவிளக்கைப் பார்க்கவோ போயிருக்கும். வேலை முடிந்து டெப்போவுக்குத் திரும்பி சார்ஜ் போடும்போது, டிசம்பர் மாதமாக இருந்தால் நாலு மணிக்கே இருட்டியிருக்கும்.

அப்படியானால் கவுன்சில்கள் எதற்காக சோலாரையும் மின்வண்டியையும் சேர்த்தே பேசுகின்றன? காரணம் இருக்கிறது. ஆனால் அந்தப் படம் சொல்லும் காரணம் வேறு, உண்மைக் காரணம் வேறு. வண்டிகளின் கார்பனைக் குறைப்பதில் பெரும்பங்கு மின்மோட்டாருக்கும் நாட்டின் மின்கட்டமைப்புக்கும் போகிறது. கூரையில் இருக்கும் சோலாரின் முக்கிய வேலை கரண்ட் பில்லைக் குறைப்பது, டெப்போவின் மின் இணைப்பு தாங்க வேண்டிய பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைப்பது. கார்பனிலும் அதற்குப் பங்கு உண்டு, ஆனால் பலர் நினைப்பதைவிடச் சிறியது. இதை எண்களோடு பார்த்துவிடலாம்.

முதலில் வண்டிகள்

குப்பை அள்ளுவது, தெரு கூட்டுவது, பூங்கா பராமரிப்பு, பார்க்கிங் கண்காணிப்பு, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் போக்குவரத்து என்று எல்லாவற்றுக்கும் கவுன்சிலிடம் வண்டிகள் உண்டு. நடுத்தர அளவு நகரத்திலேயே சில நூறு வண்டிகள் இருக்கும். பெரும்பாலும் டீசல்.

மின்சாரத்துக்கு மாற இவை நல்ல வண்டிகள். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அதே பாதை, அதிகத் தூரம் கிடையாது, இரவில் எல்லாமே ஒரே இடத்துக்குத் திரும்பிவிடும். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு ஓடும் சரக்கு லாரிக்காரருக்கு இருக்கும் ‘வழியில் எங்கே சார்ஜ் போடுவது’ என்ற கவலை பூங்கா வேனுக்கு இல்லை.

சட்டமும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. 2008-ல் வந்த பருவநிலை மாற்றச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. அதன்படி 2050-க்குள் பிரிட்டன் நிகர பூஜ்ய உமிழ்வுக்கு, அதாவது வெளிவிடும் கார்பனும் திரும்ப உறிஞ்சப்படும் கார்பனும் சமமாகும் நிலைக்கு, வர வேண்டும். 2024 முதல், வேன் தயாரிப்பாளர்கள் விற்கும் புதிய வேன்களில் குறிப்பிட்ட பங்கு புகையில்லாததாக இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆண்டு 10 விழுக்காட்டில் தொடங்கி 2030-ல் 70 விழுக்காட்டுக்கு ஏறும் ஏணி அது. 26 டன் வரையுள்ள புதிய டீசல் லாரிகளின் விற்பனையை 2035-ல் நிறுத்துவதாகவும் அரசு அறிவித்திருக்கிறது. பிரிட்டனின் வழக்கமான குப்பை லாரி சரியாக அந்த 26 டன் வகைதான்.

யூனிட், கிலோவாட்

மேலே போகுமுன் இந்த இரண்டையும் பிரித்துவைத்துக்கொள்வது நல்லது. கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான் கிலோவாட் மணி. அது மின்சாரத்தின் அளவு. கிலோவாட் என்பது அந்த மின்சாரம் வரும் வேகம். தண்ணீரை வைத்துச் சொன்னால் யூனிட் குடங்களின் எண்ணிக்கை, கிலோவாட் குழாயின் பருமன். ஒரு வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பதை யூனிட் முடிவு செய்கிறது. எத்தனை வண்டிக்கு ஒரே நேரத்தில் சார்ஜ் போட முடியும் என்பதைக் கிலோவாட் முடிவு செய்கிறது. கவுன்சில் டெப்போக்களில் வரும் தலைவலிகளில் முக்கால்வாசி இரண்டாவதில்தான்.

ஒரு வேனின் கணக்கு

நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓடும் ஒரு சிறிய டீசல் வேனை எடுத்துக்கொள்வோம். நகரத்தில் நின்று நின்று ஓடினால் நூறு கிலோமீட்டருக்கு ஏழரை லிட்டர் குடிக்கும் என்று வைப்போம். நாலரை லிட்டர் ஆகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.6 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக, நாளுக்கு ஏறக்குறைய 12 கிலோ.

அதே வேலையை மின்சார வேன் செய்தால், சார்ஜ் போடும்போது வீணாவதையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 0.22 யூனிட் போதும். நாளுக்கு 13 யூனிட். பிரிட்டனின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட் தயாரிக்க 2024-ல் சராசரியாக 125 கிராம் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு வெளியானது. பதின்மூன்றை அதால் பெருக்கினால் 1.6 கிலோ.

கவனியுங்கள், இதில் சோலார் பேனல் எங்குமே வரவில்லை. சுவரில் இருக்கும் சாதாரண கரண்டில் சார்ஜ் போட்டாலே 12 கிலோ 1.6 கிலோ ஆகிவிட்டது. கூரை சோலார் இனிமேல் குறைக்கக்கூடியது மிச்சமிருக்கும் இந்த 1.6-ல் ஒரு பகுதியைத்தான். அதுவும் முழுதாக அல்ல. பேனலைத் தயாரித்து, கப்பலேற்றி, மாட்டுவதற்குச் செலவான கார்பனை அதன் ஆயுள் முழுக்கப் பகிர்ந்தால் ஒரு சோலார் யூனிட்டுக்கும் 30, 40 கிராம் கணக்கு வரும்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2012-ல் பிரிட்டனின் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. அப்போது கூரை சோலார் பெரிய விஷயம். பிறகு கடலில் காற்றாலைகள் முளைத்தன, நிலக்கரி நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடின. கடைசி நிலையமான ராட்கிளிஃப்-ஆன்-சோர் 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி நின்றது. நாட்டிங்ஹாமுக்குத் தென்மேற்கே, எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களோடு, ஐம்பது ஆண்டுக்கு மேல் ஓடிய நிலையம் அது. மின்வண்டியில் எனக்குப் பிடித்த குணம் இதுதான். வாங்கிய நாளில் இருந்ததைவிட வயதாக ஆக அது சுத்தமாகிக்கொண்டே போகும். டீசல் வண்டிக்கு வயதானால் நேர்மாறு.

குப்பை லாரியைக் கிட்ட நின்று பார்த்தால்

வேன்கள் எண்ணிக்கையில் அதிகம் என்றாலும் டீசலைக் குடிப்பது குப்பை லாரிதான். காலை ஆறு மணிக்கு டெப்போவைவிட்டுக் கிளம்புகிறது. ஒரு தெருவுக்குள் நுழைந்தால் பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை நிற்க வேண்டும். ஆட்கள் வீலி பின்களை, அதாவது சக்கரம் வைத்த குப்பைத்தொட்டிகளை, உருட்டிக்கொண்டு வந்து பின்னால் மாட்டுவார்கள், லிஃப்ட் தூக்கும், கவிழ்க்கும், இறக்கும். உள்ளே ஒரு இரும்புப் பலகை குப்பையை நெரித்துத் தள்ளும். டீசல் லாரியில் இவ்வளவுக்கும் எஞ்சின் ஓடியே ஆக வேண்டும். வண்டி நின்றிருக்கும்போதும் உறுமிக்கொண்டு, புகைவிட்டுக்கொண்டு. அந்தத் தெருக்காரர்கள் அந்த நேரத்தில்தான் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப்போக வாசலுக்கு வருவார்கள்.

நாளுக்கு 60 லிட்டர் டீசல் என்று வைத்தால் 150 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. ஒரே லாரி, பதிமூன்று வேன்களுக்குச் சமம்.

மின்சார லாரியில் நின்றால் மோட்டாரும் நிற்கும். பிரேக் போடும்போதெல்லாம் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பும். ஆயிரம் முறை நின்று கிளம்பும் வண்டிக்கு இது நல்ல லாபம். வார்விக் நகரத்து டென்னிஸ் ஈகிள் நிறுவனம் தயாரிக்கும் இ-கலெக்ட் லாரியில் 300 யூனிட் பேட்டரி. வழக்கமான ஒரு நாள் வேலைக்கு 200 யூனிட் செலவாகும் என்று கொண்டால், மேலே சொன்ன 125 கிராம் கணக்கில் 25 கிலோ. நூற்றைம்பது எங்கே, இருபத்தைந்து எங்கே.

மான்செஸ்டர் கவுன்சில் சுமார் 98 லட்சம் பவுண்டு செலவில் 27 மின்சாரக் குப்பை லாரிகள் வாங்கியது. அவர்களின் குப்பை லாரிகளில் இது பாதி. ஆண்டுக்கு 900 டன் கார்பன் மிச்சம் என்று சொன்னார்கள். லாரிக்கு 33 டன். நாம் மேலே போட்ட கணக்கும் 250 வேலை நாளுக்கு ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது.

விலையும் அதே வரியில் இருக்கிறது. லாரிக்கு மூன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல். டீசல் லாரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டீசல் செலவும் பராமரிப்பும் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அந்த மிச்சம் ஆண்டு ஆண்டாக வரும், விலையை மொத்தமாகக் கொடுக்க வேண்டும்.

கூரை எவ்வளவு தரும்?

இப்போது சோலாருக்கு வருவோம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுக்கு 900 யூனிட் அளவுக்குத் தரும். தமிழ்நாட்டில் அதே பேனல் ஒன்றரை மடங்குக்கு மேல் தரும். டெப்போவின் பட்டறைக் கூரையில் 100 கிலோவாட் மாட்டினால், அதற்கு 500 சதுர மீட்டர் இடம் வேண்டும், ஆண்டுக்கு 90,000 யூனிட் கிடைக்கும்.

தொண்ணூறாயிரம் பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஒரு குப்பை லாரிக்கே ஆண்டுக்கு 50,000 யூனிட் தேவை. ஆக, அந்தக் கூரை முழுவதும் சேர்ந்து இரண்டு லாரியை ஓட்டப் போதாது. வேன் என்றால் ஒன்றுக்கு மூவாயிரத்துச் சொச்சம், முப்பது வேனுக்குக் கிட்டப் போதும்.

அதோடு ‘ஆண்டுக்கு’ என்ற சொல் ஒரு பெரிய ஏற்ற இறக்கத்தை மறைக்கிறது. ஜூனில் நாளுக்கு 380 யூனிட் தரும் கூரை, டிசம்பரில் எழுபது எண்பது தந்தாலே அதிகம். கூரை சரிவு குறைவாக இருந்தால் இன்னும் கீழே போகும். குப்பைக்குக் குளிர்கால விடுமுறை கிடையாது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம்தான் அட்டைப்பெட்டியும் காகிதமும் தொட்டியில் பிதுங்கும். குளிரில் பேட்டரியும் கொஞ்சம் சோம்பும், ஹீட்டரும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். தேவை கூடும் மாதத்தில் வரவு சுருங்குகிறது.

கோடையில் மிஞ்சுவதைச் சேமித்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பேட்டரியில் முடியாது. பகலில் வந்ததை இரவுக்கு வைக்க பேட்டரி போதும், ஜூனில் வந்ததை டிசம்பருக்கு வைக்கும் பேட்டரிக்குக் கட்டுப்படியாகும் விலை இன்றைக்கு இல்லை. கவுன்சில்கள் செய்வது, மிஞ்சியதை மின்கட்டமைப்புக்கு விற்பது. அதற்கு 2020 ஜனவரியிலிருந்து ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கேரண்டி என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் விற்றால் கிடைக்கும் விலை, வாங்கினால் கொடுக்கும் விலையைவிடப் பெரும்பாலும் நன்றாகவே குறைவு. எனவே கூரையில் விளைவதை அங்கேயே செலவழிப்பதில்தான் லாபம். டெப்போவின் விளக்கு, பட்டறைக் கருவிகள், அலுவலகக் கணினி, கேன்டீன் என்று பகல் தேவைகள் நிறைய. அவற்றுக்குப் போனதுபோக மீதம் வண்டிக்கு.

குழாய் சின்னது

ஒரு கவுன்சில் இருபது மின்சார லாரி வாங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் 40 கிலோவாட் சார்ஜர். மதியத்துக்கு மேல் எல்லா லாரியும் திரும்புகின்றன, எல்லாரும் கேபிளைச் செருகுகிறார்கள். ஒரே நேரத்தில் 800 கிலோவாட். அந்த டெப்போவுக்கு நாற்பது ஆண்டுக்கு முன் கொடுத்த இணைப்போ சில விளக்கும் இரண்டு வெல்டிங் மெஷினும் ஓட்டத்தான். புது டிரான்ஸ்ஃபார்மர், தெருவைத் தோண்டிப் புது கேபிள் என்று அந்தப் பகுதி மின்விநியோக நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். செலவு ஒருபுறம், காத்திருப்பு மறுபுறம். வண்டி வந்து நிற்கும், கரண்ட் வராது.

இதற்கு முதல் மருந்து புத்திசாலி சார்ஜிங். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. லாரி மதியம் மூன்று மணிக்கு வருகிறது, மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறது. நடுவில் பதினைந்து மணி நேரம். தேவை லாரிக்கு 200 யூனிட், இருபது லாரிக்கு 4,000. அதைப் பதினைந்து மணிக்குப் பரப்பினால் 270 கிலோவாட் போதும். எண்ணூறு எங்கே போனது? யாருக்கு எப்போது எவ்வளவு என்று ஒரு மென்பொருள் பங்கிட்டுக் கொடுத்ததில் போய்விட்டது. டிரைவர் செருகிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கேபிளில் உடனே கரண்ட் ஓட வேண்டும் என்ற அவசியம் இல்லை.

இன்னொரு விஷயமும் இந்த மென்பொருளால் சரியாகும். பிரிட்டனில் பெரிய மின் நுகர்வோருக்கு நேரத்துக்கு ஒரு கட்டணம். வேலை நாட்களில் மாலை நான்கிலிருந்து ஏழு வரை பல பகுதிகளில் ‘சிவப்பு’ நேரம். வீடுகளில் எல்லாரும் வந்து சமைக்கும் நேரம் அது. மின்தடத்தைப் பயன்படுத்துவதற்கான கட்டணம் அப்போது மற்ற நேரத்தைவிடப் பல மடங்கு ஏறும். மூன்றரை மணிக்கு வந்த லாரிக்கு அப்படியே சார்ஜ் ஓடவிட்டால் நாளின் மிக விலை உயர்ந்த கரண்டை வாங்கியதாக ஆகும். அந்த மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிட்டு இரவில் ஓட்டினால் பில்லும் குறையும், காற்றாலைகள் ஓடும் இரவில் கார்பனும் குறையும்.

சரி, சோலாரை இதில் எப்படி நுழைப்பது? சனி, ஞாயிறு என்று ஒன்று இருக்கிறது. பல சேவைகளுக்கு அன்றைக்கு வேலை இல்லை. வேன்கள் டெப்போவில் பகல் முழுக்க நிற்கும், கூரையில் வெயிலும் இருக்கும், அலுவலகமோ பூட்டிக்கிடக்கும். அந்தப் படத்தில் காட்டியது நிஜமாகவே நடக்கக்கூடிய நாட்கள் இவை. ஆனால் வெள்ளிக்கிழமை இரவே எல்லா பேட்டரியையும் நிரப்பிவிட்டால் சனிக்கிழமை வெயிலை வாங்கிக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள். ‘வெள்ளி இரவு நிரப்பாதே, வார இறுதி வெயிலுக்கு இடம் வை’ என்று மென்பொருளில் ஒரு வரி சேர்த்தால் போதும். புதுப் பேனல் எதுவும் மாட்டாமலே சோலார் பங்கு கூடும். இந்த மாதிரிச் சின்ன அமைப்புகளை யாரும் புகைப்படம் எடுத்துப் போடுவதில்லை. என்னைக் கேட்டால் கொட்டகையைவிட இவற்றுக்குத்தான் பாராட்டு.

காலையில் போய் நடுப்பகலில் வரும் வண்டிகளும் உண்டு. விடியுமுன் கிளம்பும் தெரு கூட்டும் வண்டி, பள்ளிக் குழந்தைகளை விட்டுவிட்டு மூன்று மணிவரை சும்மா நிற்கும் மினிபஸ். சோலார் கரண்டைக் கொடுக்க வேண்டிய வண்டிகள் இவைதான். எந்த வண்டிக்கு எந்த இடத்தில் பார்க்கிங் என்று முடிவு செய்வதே சில நேரம் பெரிய பொறியியல்.

பேட்டரியும் நாட்டிங்ஹாமும்

டெப்போவிலேயே பெரிய பேட்டரி ஒன்றை வைத்தால் பகல் வெயிலை மாலைக்கு ஒத்திப்போடலாம். சிவப்பு நேரத்தில் கட்டமைப்பிலிருந்து வாங்காமல் பேட்டரியிலிருந்து எடுக்கலாம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் பிரின்சஸ் தெருவில் 2018-லேயே சோலார் கூரையும் பேட்டரியும் சேர்ந்த சார்ஜிங் நிலையம் திறந்தார்கள். யார்க் நகரம் 2022-ல் மாங்க்ஸ் கிராஸில் அதே பாணியில் ஒன்று திறந்தது. இவை பொதுமக்கள் வண்டிகளுக்கானவை. ஆனால் தத்துவம் டெப்போவுக்கும் அதேதான்.

நாட்டிங்ஹாம் இன்னும் ஒரு படி போனது. 2028-க்குள் கார்பன் சமநிலை அடைவோம் என்று நாட்டின் மற்ற நகரங்களை முந்தி இலக்கு வைத்த ஊர் அது. அங்கே ஈஸ்ட்கிராஃப்ட் டெப்போவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்டர்ரெக் நிதியோடு, கிளீன்மொபில்எனர்ஜி என்ற திட்டத்தின்கீழ் சோலார், பேட்டரி, 40 இருவழி சார்ஜர்கள் ஆகியவற்றை ஒரே மென்பொருளில் கோத்தார்கள். இருவழி என்றால் கரண்ட் வண்டிக்குள் போகவும் செய்யும், வண்டியிலிருந்து வெளியே வரவும் செய்யும். சும்மா நிற்கும் நாற்பது வேன்களைச் சேர்த்தால் அதுவே ஒரு பெரிய பேட்டரி. மாலை சிவப்பு நேரத்தில் அவற்றிலிருந்து எடுத்து டெப்போவை ஓட்டிவிட்டு, இரவில் திருப்பி நிரப்பிவிடலாம்.

யோசனை அழகு. நடைமுறையில் ஒரு முள் இருக்கிறது. அந்தக் காலத்தில் இருவழிக்கு எளிதாக ஒத்துவந்தவை நிஸான் லீஃப், நிஸான் இ-என்வி200 போன்ற சாடெமோ பிளக் வைத்த வண்டிகள். ஐரோப்பாவில் சாடெமோ மெதுவாக மறைந்து சிசிஎஸ் பிளக் வந்துவிட்டது. அந்தப் பிளக்கில் இருவழி வசதி தாமதமாகத்தான் வருகிறது. வண்டி ஏழெட்டு ஆண்டில் மாறும், சார்ஜர் அதைவிட நீடிக்கும், பேனல் இருபத்தைந்து ஆண்டு இருக்கும். வெவ்வேறு ஆயுள் உள்ள மூன்று பொருட்களை ஒன்றாகக் கட்டும்போது முதலில் எது பழசாகும் என்று பார்த்துவிட வேண்டும்.

கூரை தவிர

பல டெப்போக்களின் கூரை பேனலைத் தாங்காது. பழைய பட்டறைகளில் ஆஸ்பெஸ்டாஸ் சீட் போட்டிருப்பார்கள். அதன்மேல் துளை போடுவது இருக்கட்டும், ஆளையே ஏற்றக்கூடாது. முதலில் கூரையை மாற்ற வேண்டும், அந்தச் செலவை சோலார் கணக்கில் எழுதினால் கணக்கே உதைக்கும். கார் பார்க்கிங்குக்கு மேலே கொட்டகை போடலாம். நாட்டிங்ஹாமிலும் மான்செஸ்டரிலும் விளையாட்டு மையங்களின் கார் பார்க்கில் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் இரும்புத் தூணும் அடித்தளமும் சேர்ந்து கூரை பேனலைவிடச் செலவு அதிகம். குப்பை லாரி நுழையும் உயரத்துக்கு அந்தக் கொட்டகையைக் கட்டுவது இன்னும் செலவு.

இன்னொரு வழி, கூரையை மறந்துவிட்டு வேறு எங்காவது சோலார் பண்ணை வைத்துக்கொள்வது. வாரிங்டன் கவுன்சில் யார்க் அருகே சுமார் 35 மெகாவாட் பண்ணையையும் ஹல் அருகே இன்னொன்றையும் வாங்கியது. ஹல் பண்ணையின் மின்சாரம் கவுன்சிலின் சொந்தத் தேவைக்கு. வெஸ்ட் பெர்க்‌ஷயர் கவுன்சில் 2020-ல் ஊர் மக்களிடமே கடன்பத்திரம் போல ஒன்றை விற்று 10 லட்சம் பவுண்டு திரட்டி, தன் கட்டடங்களின் கூரைகளில் சோலார் வைத்தது. பண்ணையில் மெகாவாட்டுக்கு ஆகும் செலவு கூரையைவிடக் குறைவு. ஆனால் டெப்போவின் சின்னக் குழாய்ப் பிரச்சினையை நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பண்ணை தீர்க்காது. அது கூரை சோலாருக்கு மட்டுமே உள்ள பலம்.

எல்லா வண்டியும் இன்றைக்கே மாறாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பனிக்கால இரவுகளில் சாலையில் உப்புத் தூவும் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் சும்மா நிற்கும், பிறகு உறைபனி இரவில் விடிய விடிய ஓட வேண்டும், அதுவும் முழுப் பாரத்தோடு. பேட்டரிக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. சில கவுன்சில்கள் இப்படிப்பட்ட வண்டிகளில் பழைய சமையல் எண்ணெயிலிருந்து எடுக்கும் டீசலை ஊற்றுகின்றன. இருக்கிற எஞ்சினில் அப்படியே ஓடும், புது வண்டி வேண்டாம். ஆனால் அந்த எண்ணெய் உலகத்திலேயே அளவாகத்தான் இருக்கிறது, எல்லாரும் கேட்டால் பனை எண்ணெய் பின்வாசலால் நுழையும். எனவே மாறவே முடியாத வண்டிகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வது நல்லது.

பணம் என்னவோ எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. இவ்வளவு செய்த நாட்டிங்ஹாமே 2023 நவம்பரில் வரவு செலவைச் சமன் செய்ய முடியவில்லை என்று 114-ஆம் பிரிவு அறிவிப்பை வெளியிட்டது. பிரிட்டனில் ஒரு கவுன்சில் திவாலானதாகச் சொல்வதற்கு மிக நெருக்கமான நடவடிக்கை அது. காரணங்கள் பல, மின்வண்டி அதில் ஒன்றாகப் பேசப்படவில்லை. ஆனால் பணமில்லாத கவுன்சிலில் இரு மடங்கு விலையுள்ள லாரிக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரி பாவம்தான்.

உங்கள் கவுன்சிலைக் கேட்டுப்பார்க்க

பிரிட்டனில் இருக்கும் வாசகர்கள் இதை வெறும் செய்தியாகப் படித்துவிட்டு விட வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டப்படி (ஸ்காட்லாந்தில் இதற்கெனத் தனிச் சட்டம் உண்டு) உங்கள் கவுன்சிலிடம் எழுத்தில் கேள்வி கேட்கலாம். ஒரு மின்னஞ்சல் போதும், கட்டணம் பொதுவாக இல்லை, இருபது வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

‘எத்தனை மின்வண்டி வைத்திருக்கிறீர்கள்’ என்று கேட்காதீர்கள். பார்க்கிங் அதிகாரியின் பத்துக் குட்டி வேனை எண்ணிக் காட்டிவிட்டு, டீசல் குடிக்கும் லாரிகளைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். கடந்த ஐந்து ஆண்டில் டீசல் எத்தனை லிட்டர் வாங்கினார்கள் என்று ஆண்டுவாரியாகக் கேளுங்கள். டெப்போவில் சோலார் இருந்தால், அதில் விளைந்த யூனிட்டில் எவ்வளவு அங்கேயே செலவானது, எவ்வளவு வெளியே போனது என்று கேளுங்கள். வண்டிகளுக்குச் சார்ஜ் ஆன யூனிட்டுகளை அரை மணிக்கு ஒரு கணக்காகத் தரச் சொல்லுங்கள். அந்த மீட்டர்களில் அது பதிவாகித்தான் இருக்கும். மாலை நான்குக்கும் ஏழுக்கும் நடுவே அந்தப் பட்டியலில் பெரிய எண்கள் தெரிந்தால், சார்ஜருக்குப் பணம் செலவழித்துவிட்டு அதை ஓட்டும் மென்பொருளைச் சரியாக அமைக்காமல் விட்டிருக்கிறார்கள். அடுத்த கடிதத்தை உங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதலாம்.